இரண்டு பங்கை ஒரே சார்ட்டில் பார்ப்பவர்களுக்கு: விடுபட்ட பாரை என்ன செய்வது?

டோக்கியோ சிமெந்துக்குக் கொழும்புப் பங்குச் சந்தையில் இரண்டு வகைப் பங்கு உண்டு. ஒன்றுக்கு வாக்குரிமை இருக்கிறது, மற்றதற்கு இல்லை. கம்பனி ஒன்றுதான், தொழிற்சாலை எங்கள் திருகோணமலையில், கொட்பேயில் இருக்கிறது. இந்த இரண்டு விலைக்கும் இடையிலான வித்தியாசம் கூடுகிறதா குறைகிறதா என்று ஐந்து நிமிடச் சார்ட்டில் பார்க்க வெளிக்கிட்டால் முதலில் வந்து நிற்பது விடுபட்ட பார்தான். பார் என்பது அந்த ஐந்து நிமிடத்தின் தொடக்க, உச்ச, அடி, முடிவு விலை நான்கையும் காட்டும் ஒரு கோடு. ஒரு பங்கு கைமாறிய அதே ஐந்து நிமிடத்தில் மற்றது கைமாறியிருக்காது. வியாபாரமே நடக்காத நேரத்துக்குப் பெரும்பாலான மென்பொருள்கள் பார் போடுவதில்லை. ஒரு பக்கம் விலை இருக்கிறது, மறுபக்கம் வெறுமை. எதிலிருந்து எதைக் கழிப்பது?

அந்த முடிவை மென்பொருள் உங்களைக் கேட்காமல் எடுத்துவிடும். எடுத்த முடிவைத் திரையில் எழுதியும் வைக்காது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். உவர்மலையில் வீட்டிலிருந்தே சார்ட் பார்க்கிற எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் இண்டிகேட்டரை (விலையிலிருந்து கணக்கிட்டு வரையும் கோட்டை) மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். அடியில் இரண்டு டேட்டாவும் எப்படிச் சேர்க்கப்பட்டன என்று பார்ப்பவர் குறைவு.

ஒரு சின்னக் கணக்கைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். விலைகள் உதாரணத்துக்கு மட்டும். வாக்குரிமைப் பங்கு 10.00 மணிக்கு 80.00, 10.05க்கு 80.20, 10.10க்கு 80.50, 10.15க்கு 81.00. வாக்குரிமை இல்லாதது 10.00க்கு 70.00, பிறகு நேரே 10.15க்கு 70.80. நடுவில் இரண்டு பார் இல்லை.

இரண்டிலும் பார் உள்ள நேரத்தை மட்டும் எடுத்தால் வித்தியாசம் 10.00, பிறகு 10.20. அவ்வளவுதான், இரண்டே புள்ளி. பழைய விலையை முன்னுக்கு இழுத்து நிரப்பினால் 10.00, 10.20, 10.50, 10.20 என்று நான்கு புள்ளி வரும். 10.10க்கு இடைவெளி விரிந்து, ஐந்து நிமிடத்தில் சுருங்கியது போலத் தெரியும். உண்மையில் அந்த நேரத்தில் 70.00க்கு எவரும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. மாரியில் வள்ளம் இறங்காத நாளில் சந்தையில் நேற்றைய மீன் விலையைச் சொல்வது மாதிரி இது. விலை காதில் விழும், மீன் கிடைக்காது. மூன்றாவது வழி எல்லாவற்றிலும் மோசம்: நேரத்தைப் பார்க்காமல் வரிசை எண்ணை வைத்துச் சேர்ப்பது. இரண்டாவது பாருக்கு இரண்டாவது பார் என்று எடுத்தால் 10.05 விலையான 80.20இலிருந்து 10.15 விலையான 70.80 கழிந்து 9.40 வரும். பத்து நிமிடம் கழித்து வரப்போகும் விலை இப்போதைய கணக்குக்குள் புகுந்துவிட்டது. பழைய டேட்டாவில் சோதித்தால் இந்த முறை அள்ளிக்கொட்டும் இலாபம் காட்டும். நம்பாதீர்கள்.

எந்த மென்பொருள் இதில் எதைச் செய்கிறது? ட்ரேடிங்வியூவின் பைன் மொழியில் வேறொரு பங்கின் விலையை ரிக்வெஸ்ட் செக்யூரிட்டி என்ற கட்டளையால் எடுக்கிறோம். அதில் கேப்ஸ் என்ற தெரிவு நீங்கள் தொடாவிட்டால் ஆஃப் நிலையில் இருக்கும். பழைய விலை முன்னுக்கு வந்து நிரம்பும். ஆன் செய்தால் வெற்றிடம் வெற்றிடமாகவே வரும். கணக்கு எப்போதும் சார்ட்டில் திறந்திருக்கும் பங்கின் பார்களிலேயே ஓடும். ஆகவே குறைவாகக் கைமாறும் பங்கைச் சார்ட்டில் வைத்து, கூடக் கைமாறுவதை உள்ளே எடுத்தால் நடுவில் நடந்த அசைவுகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். மல்டிசார்ட்ஸில் டேட்டா ஒன்று, டேட்டா இரண்டு என்று போடும்போதும் கதை இதுதான்: இரண்டாவதில் புதுப் பார் வராவிட்டால் அதன் கடைசி விலை திரும்பத் திரும்ப வரும்.

மெட்டாட்ரேடரில் ஒவ்வொரு பங்குக்கும் பார் எண் தனி. ஒன்றில் ஐந்தாவது பாரும் மற்றதில் ஐந்தாவது பாரும் ஒரே நேரம் என்று எடுக்கவே கூடாது. ஐபார்ஷிஃப்ட் என்ற கட்டளையிடம் நேரத்தைக் கொடுத்து பார் எண்ணைக் கேளுங்கள். எக்ஸாக்ட் என்பதை ட்ரூ என்று வைத்தால், அந்த நேரத்தில் பார் இல்லாதபோது −1 தரும். எனக்கு இந்தக் கட்டளை பிடிக்கும். இல்லையென்றால் இல்லை என்று நேராகச் சொல்கிறது. அமிப்ரோக்கரில் ஃபாரின் கட்டளைக்கு ஃபிக்ஸ்அப் என்றொரு எண் கொடுக்கலாம். 0 கொடுத்தால் ஓட்டை அப்படியே இருக்கும். 1 என்றால் நான்கு விலையும் முந்தைய முடிவு விலையாகும், வால்யூம் (கைமாறிய அளவு) பூச்சியமாகும். 2 என்றால் முந்தைய பார் வால்யூமோடு சேர்த்து முழுதாகப் பிரதியாகும். 2ஐத் தொடாதீர்கள். நடக்காத வியாபாரத்துக்கு வால்யூம் எழுதுவது பொய்க் கணக்கு.

நிரப்புவதா வேண்டாமா என்று யோசிக்கும் முன் பார் ஏன் இல்லை என்று பாருங்கள். ஒரு பங்கில் மட்டும் ஓட்டை, மற்றவற்றில் பார் இருக்கிறதென்றால் அனேகமாக வியாபாரம் நடக்கவில்லை. அது தகவல்தான், குறை இல்லை. எல்லாப் பங்கிலும் ஒரே நேரத்தில் ஓட்டை என்றால் சந்தை மூடியிருந்ததா என்று பாருங்கள்: காலை 9.30க்கு முன்போ, பிற்பகல் 2.30க்குப் பின்போ, போயா (பௌர்ணமி விடுமுறை) நாளோ. திறந்திருந்த நேரமென்றால் உங்கள் பக்கத்து இணைப்பு அறுந்திருக்கலாம். கார்த்திகை, மார்கழி மழையில் எங்களூரில் கரண்ட் போய் வருவது வழமை. ரௌட்டர் நின்ற நேரத்துப் பார் பதிவாகாது. இந்தக் கடைசி வகையை மட்டும் எந்த வழியாலும் நிரப்பாமல், டேட்டாவைத் திரும்ப இறக்குங்கள். உண்மையான விலை எங்கோ இருக்கிறது, உங்களிடம் வந்து சேரவில்லை. சில சிஎஸ்வி (எக்செலில் திறக்கும் அட்டவணை) கோப்புகளில் விடுபட்ட இடத்தில் 0 இருக்கும். முதல் வேலையாக அதை வெற்றுக் கட்டமாக்குங்கள், இல்லாவிட்டால் சராசரி முதல் ஏடிஆர் (விலை ஊசலாட்டத்தின் சராசரி அளவு) வரை எல்லாம் நாசம்.

இனி, நிரப்புகிறீர்கள் என்றால் நிரப்பிய விலையின் வயதையும் கூட எழுதுங்கள். நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். இரண்டாவது பங்கின் விலையை எடுக்கும்போதே அதன் பார் நேரத்தையும் எடுத்து, இப்போதைய நேரத்திலிருந்து கழித்து, சார்ட்டின் அடியில் ஒரு கோடாகப் போடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் அது 0, 5, 10, 0 என்று போகும். வித்தியாசம் உச்சத்துக்கு ஏறிய அதே இடத்தில் வயதும் உச்சத்தில் நின்றால், பங்கு அசையவில்லை, விலை பழசாகிவிட்டது என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். எத்தனை நிமிடத்துக்கு மேல் பழசானால் வாங்கு அல்லது வில் என்று வரும் சிக்னலை எடுப்பதில்லை என்று ஓர் எல்லை வையுங்கள். பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற அட்டவணைக் கருவி பாவிப்பவர்களுக்கு மெர்ஜ் ஏஸ்ஆஃப் கட்டளையில் டாலரன்ஸ் என்ற தெரிவு இதற்கென்றே இருக்கிறது. எல்லை தாண்டினால் வெற்றிடம் வரும். எக்செல் மட்டும் தெரிந்தவர் எக்ஸ்லுக்கப்பில் பொருத்தும் முறையை −1 என்று வைத்தால், அதே நேரம் இல்லாதபோது அதற்கு முந்தைய நேரத்தை எடுக்கும்.

சராசரி போடுகிறவர்கள் எந்த இடத்தில் போடுகிறோம் என்று கவனிக்க வேண்டும். வாக்குரிமை இல்லாத பங்குக்கு 10.00க்கு முந்தைய பார் 69.40 என்று வைப்போம். அதன் சொந்தப் பார் மூன்றின் சராசரி 69.40, 70.00, 70.80 சேர்ந்து 70.07. நிரப்பிய பிறகு கடைசி மூன்றை எடுத்தால் 70.00, 70.00, 70.80, அதாவது 70.27. ஒரே விலையை இரண்டு தரம் எண்ணியதால் வந்த ஏற்றம். ஆகவே சராசரியை அந்தப் பங்கின் சொந்தப் பார்களில் போட்டு, விடையை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள். பைனில் சராசரிக் கட்டளையை ரிக்வெஸ்ட் செக்யூரிட்டிக்கு உள்ளே எழுதினால் அது நடக்கும், வெளியே எழுதினால் நிரப்பியதும் சேர்ந்து எண்ணப்படும்.

ஆனால் நாளாந்த ஏற்ற இறக்கத்தை ஒப்பிடும்போது வரிசை தலைகீழ். லங்கா ஐஓசி பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்; சீனக்குடா எண்ணெய்க் குதங்களால் எங்களூரில் எல்லோருக்கும் பழக்கமான பெயர். அதைப் பிரெண்ட் மசகு எண்ணெய் விலையோடு ஒப்பிட நினைக்கிறீர்கள். போயாவன்று கொழும்பு மூடியிருக்கும், பிரெண்ட் ஓடும். தனித்தனியே நாளாந்த மாற்றத்தைக் கணக்கிட்டுப் பிறகு சேர்த்தால், போயாவன்று நடந்த பிரெண்ட் அசைவு காணாமல் போய்விடும். அதன் தாக்கமோ மறுநாள் ஐஓசி விலையில் இருக்கும். இரண்டிலும் உள்ள திகதிகளை முதலில் பொருத்தி, அதன் பிறகு மாற்றத்தைக் கணக்கிடுங்கள். அப்போது இரு பக்கமும் இரண்டு நாள் மாற்றமாக வரும். நிரப்பிய டேட்டாவில் தொடர்புக் குணகம் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்ற அளவு) போட்டால் போயாவன்று ஐஓசிக்குப் பூச்சிய மாற்றம் என்று பதிவாகி, தொடர்பு இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும்.

இதிலேயே இன்னொரு பொறி. கொழும்பு 2.30க்கு முடிகிறது. பிரெண்டின் அன்றைய தீர்வு விலை (நாள் முடிவில் நிர்ணயிக்கும் விலை) இலண்டன் நேரம் மாலை 7.30க்கு. இங்கே அது கோடையில் நள்ளிரவு, மாரியில் அதிகாலை 1 மணி. திகதி ஒன்றுதானே என்று சேர்த்தால் நாளைக்குத் தெரியவரும் விலையை இன்றே பாவிக்கிறீர்கள். பிரெண்டை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளிச் சேருங்கள்.

நேர முத்திரையையும் பாருங்கள். ட்ரேடிங்வியூவும் மெட்டாட்ரேடரும் பார் தொடங்கும் நேரத்தை எழுதும். மல்டிசார்ட்ஸ் பார் முடியும் நேரத்தை எழுதும். இரண்டிலிருந்தும் ஐந்து நிமிடக் கோப்பு இறக்கிச் சேர்த்தால் ஒரு பார் முழுதாகத் தள்ளி நிற்கும், ஓட்டை எதுவும் தெரியாது. மெட்டாட்ரேடரில் உங்கள் புரோக்கரின் சேர்வர் நேரமே வரும், இலங்கை நேரம் வராது. மிகப் பழைய நிமிட டேட்டா கையில் கிடைத்தால், 2006 ஏப்ரல் 15க்கு முன் இலங்கை நேரம் இன்றையதை விட அரை மணி முன்னே இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். இந்தியாவின் என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) டேட்டாவோடு சேர்க்கிறவருக்கு இப்போது நேரம் ஒன்றுதான், ஆனால் அங்கே 9.15க்குத் திறந்து 3.30 வரை ஓடும். 9.30க்கு முன்பும் 2.30க்குப் பின்பும் உள்ள என்எஸ்இ பார்களுக்குக் கொழும்பு விலையை நிரப்பாமல் விடுங்கள்.

நீண்ட மூடல்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 2020இல் கொரோனாவால் மே 11 வரை வாரக்கணக்கில் சந்தை மூடியிருந்தது. 2022 ஏப்ரல் 18 தொடங்கிய வாரம் முழுக்க வியாபாரம் இல்லை. இந்த இடங்களில் நிரப்பவும் வேண்டாம், பொருத்தவும் வேண்டாம். டேட்டாவை அங்கே வெட்டி, மூடலுக்கு முந்தைய துண்டு ஒன்று, பிந்தைய துண்டு ஒன்று என்று தனித்தனியாகச் சோதியுங்கள். சராசரியையும் பிந்தைய துண்டில் புதிதாகத் தொடங்க விடுங்கள்.