ஜெனரேட்டர் இருக்கிறது, சரி. வார்டு ஊழியர்களைக் கேட்டீர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து ஆஸ்பத்திரியில் "கரண்ட், தண்ணீர் நின்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் முதலில் ஜெனரேட்டரைத்தான் காட்டுவார்கள். 2022, 2023-இல் அரசு மின்நிறுவனமான எஸ்காமின் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) கடுமையான ஸ்டேஜ் 6 வரை போனதில் வந்த பழக்கம். ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த வட்டாரத்தில் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் சாலைகள் அடைபட்டு, வேலைக்கு ஆளே வர முடியவில்லை. இதற்கெல்லாம் ஜெனரேட்டர் என்ன செய்யும்?

பெரிய தவறு, மேலாளரும் இன்ஜினியரும் மட்டும் உட்கார்ந்து இத்தகைய தடைகளுக்கான திட்டம் எழுதுவது. ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ (அதன் மின்திறன் அளவு) என்று இன்ஜினியருக்குத் தெரியும். ஜெனரேட்டர் லைனில் உள்ள பிளக்கில் யாரோ கெட்டிலைச் சொருகி வைத்திருப்பது நைட் டியூட்டி சிஸ்டருக்குத்தான் தெரியும். டயாலிசிஸ் டெக்னீஷியனைக் கேளுங்கள்: கருவியில் தண்ணீர் நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் 4 மணி நேரம் ஓடினால் ஒரு நோயாளிக்கே 120 லிட்டர் என்பார். 20 நோயாளிகள் என்றால் 5,000 லிட்டர் ஜோஜோ டேங்கில் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) ஏறக்குறைய பாதி காலி. சுத்திகரிப்பில் வீணாகும் தண்ணீர் இதில் சேரவில்லை. தைப்பூசக் காவடிக்குக்கூட சமைப்பவரைக் கேட்காமல் எத்தனை அண்டா என்று கோயில் கமிட்டி முடிவு செய்யாது!

ஊழியர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டும் பயனில்லாமல் போவது இன்னொரு வகை. மேட்ரன் (தலைமை நர்ஸ்) முன்னால் துப்புரவுப் பணியாளர் வாய் திறப்பாரா? அவர் வேலை செய்யும் இடத்துக்கே போய், முடிந்தால் ஜூலு மொழியில் கேட்க வேண்டும். காவல், சமையல், துப்புரவு எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள் என்றால் கூட்டத்துக்கு அழைப்பே போகாது. நள்ளிரவில் டீசல் லாரி வந்தால் கேட்டைத் திறக்கப்போவது அந்தக் காவலாளிதான்.

ஒத்திகையை எப்போதும் வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்கிறார்கள். அப்போது எல்லா ஆட்களும் இருப்பார்கள், எல்லாம் நன்றாகவே நடக்கும். இரவில், ஆள் குறைவான நேரத்தில் லிஃப்ட் நின்றால் நோயாளியைப் படியில் இறக்க எத்தனை போர்ட்டர்கள் இருக்கிறார்கள்? வென்டிலேட்டர் பேட்டரி தீர்ந்தால் கையால் மூச்சுப் பை அழுத்துவது யார், அவரை மாற்றிவிடுவது யார்? ராத்திரி ஷிஃப்ட்டோடு ஒருமுறை நடந்து பார்த்தால் தெரியும். (நோயாளிகளைப் பயமுறுத்தாமல், மெயின் லைனைத் தொடாமல் செய்யலாம்.)

வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பவேண்டாம். கரண்ட் அடிக்கடி போனால் செல்போன் டவர் பேட்டரியும் தீர்ந்துவிடும். அச்சிட்ட தொலைபேசிப் பட்டியலும், நடந்து போய்ச் செய்தி சொல்லும் ஆளும் வேண்டும்.

அப்புறம், ஊழியருக்கும் வீடு இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தண்ணீர் நின்றால், அங்கிருந்து வரும் நர்ஸும் டேங்கர் வரிசையில்தான் நிற்பார். வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் மாமியாரோ இருக்கலாம். யார் நடந்தே வர முடியும், யாரை வண்டி வைத்து அழைத்துவர வேண்டும், யார் இரவு தங்க முடியும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தங்குபவருக்குப் படுக்கையும் சாப்பாடும் திட்டத்திலேயே இருக்கட்டும்.

தடை முடிந்த இரண்டொரு நாளில் அதே ஆட்களை மறுபடி கேளுங்கள். அவர்கள் சொன்னதில் எதை மாற்றினீர்கள், எதை ஏன் மாற்றவில்லை என்று எழுதி வார்டு சுவரில் ஒட்டுங்கள்.