கப்பலில் கடைசி நாள்: துணி மடித்தே பொழுது போகாமல் இருக்க

வேலூர்க்காரர்களைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பேச்சு உண்டு: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டதால் மூன்றாவது இப்போது செல்லாது. முதலாவது மட்டும், வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் உண்மைதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போய், நாலு பக்கமும் தண்ணீராக இருந்த ஒரு முழுப் பகலை நான் கேபினுக்குள் துணி மடித்தே கழித்தேன். அது முதல் பயணம். இரண்டாவது தடவை போனபோது வேறு மாதிரி செய்தோம். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் பயணம் சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புகெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்கும் நான்கு இரவுப் பயணம். நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். சாயங்காலம் புகெட்டை விட்டால் கப்பல் அடுத்த நாள் முழுக்க எங்கும் நிற்காது, அதற்கும் அடுத்த காலையில்தான் சிங்கப்பூர். நடுவில் வரும் அந்தப் பகல்தான் நான் சொல்லும் கடைசி நாள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போகும் சிறு பயணங்களுக்கும் முறை ஏறக்குறைய இதேதான்.

முதல் படி: முந்தின நாளே இரண்டு வேலை

ஒன்று, சிங்கப்பூர் வருகை அட்டை. இதை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும் என்பதால் ஊரிலேயே முடித்துவிட்டு வர வழியில்லை. புகெட்டில் கரையில் இருக்கும்போதே, போனில் டேட்டா வேலை செய்கிற நேரத்தில், ஆறு பேருக்கும் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். கப்பல் வைஃபைக்குத் தனியாகக் காசு, வேகமும் சுமார். அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளத்தில் மாட்டினால் வெளியே வந்துவிடுங்கள். (சிங்கப்பூரை விட்டுப் போய் மறுபடி நுழைகிறோம் இல்லையா, அதற்கு விசா இடம் கொடுக்கிறதா என்பதை டிக்கெட் போடும்போதே பார்த்திருக்க வேண்டும். இப்போது பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.)

இரண்டு, கடிகாரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி பின்னால். சில கப்பல்கள் பயணம் முழுக்கச் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும், சில மாற்றும். மாற்றினால் திரும்பி வரும் இரவில் உங்கள் தூக்கத்தில் ஒரு மணி போய்விடும். கேபினில் வைக்கும் தினசரி நிகழ்ச்சித் தாளில் எந்த நேரம் என்று போட்டிருப்பார்கள். போனை நம்பாதீர்கள், அது கரையில் கிடைத்த டவரைப் பிடித்து இஷ்டத்துக்கு மணி காட்டும். மாமாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பி வைத்தோம். அதன்பிறகு எல்லோருக்கும் அதுதான் மணிக்கூண்டு. போன்களை ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் தெரியாமல் இணைந்துகொண்டால் ரோமிங் பில் வயிற்றைக் கலக்கும்.

இரண்டாம் படி: ஆளுக்கு ஒன்றே ஒன்று

அன்றைய நிகழ்ச்சித் தாளில் முப்பது நாற்பது விஷயம் இருக்கும். நடன வகுப்பு, சமையல் செய்து காட்டுவது, வினாடி வினா, கடைகளில் தள்ளுபடி. ‘இன்னும் எதெல்லாம் பார்க்கவில்லை’ என்று பட்டியல் போட ஆரம்பித்தால் நாள் முழுக்க லிப்ட்டுக்காகத்தான் நிற்பீர்கள். இரவு சாப்பாட்டில் வைத்து, ஆளுக்கு ஒன்று மட்டும் சொல்லச் சொன்னேன். பெரியவளுக்குச் சறுக்கு. சின்னவனுக்கு ஐஸ்கிரீம் மெஷின், அதுவும் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரருக்கு மத்தியானத் தூக்கம். மாமாவுக்குச் சாயங்காலம் கப்பலைச் சுற்றி ஒரு நடை. அத்தை மட்டும், “எனக்கு இன்னா வேணும், ஒரு எடத்துல ஒக்காந்து கடலப் பாத்துகினு இருந்தா போதும்” என்றார். கடைசியில் சரியாகத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான்.

மூன்றாம் படி: விடியலைப் பிடியுங்கள்

நம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கு எழுந்து மேல்தளத்துக்குப் போனால் கும்மிருட்டாக இருக்கும். பூமத்திய ரேகைப் பக்கம் சிங்கப்பூர் நேரப்படி ஏழு மணி வாக்கில்தான் சூரியன் வரும். ஆறரைக்குப் போனால் போதும். கப்பல் மலாக்கா நீரிணை வழியாகத் தென்கிழக்காகப் போவதால் உதயம் இடது பக்கம், கொஞ்சம் முன்னால் தெரியும். மாலுமிகள் இடப்பக்கத்தை ‘போர்ட்’ என்றும் வலப்பக்கத்தை ‘ஸ்டார்போர்ட்’ என்றும் சொல்வார்கள். முன்பக்கம் பார்த்து நின்றால் வரும் இடது வலது அது.

உதயம் பார்த்த கையோடு கப்பலின் பின்முனைக்குப் போங்கள். பலரும் விட்டுவிடும் இடம் இது. கீழே புரொப்பெல்லர் கடைந்து தள்ளிய தண்ணீர் வெள்ளையாகப் பொங்கி, கொஞ்ச தூரத்தில் வெளிர் பச்சையாகி, அதற்குப் பின்னால் வந்த வழி முழுக்க ஒரே பட்டையாக நீண்டு கிடக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது நினைவுக்கு வந்தது. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம், “இம்மாந் தண்ணி இங்க கீது. நம்ம பாலாறு இன்னாத்துக்குக் காஞ்சி கெடக்குது?” என்றார். பேரன், “ஆயா, இது உப்புத் தண்ணி” என்றான். “உப்பா இருந்தா இன்னாடா, தண்ணி தண்ணிதான்.”

நான்காம் படி: நீச்சல் குளத்தைப் பத்து மணிக்குள் முடியுங்கள்

கரைக்குப் போக வழியில்லாத நாள் என்பதால் கப்பலில் உள்ள அத்தனை பேரும் அன்றைக்குக் குளத்தில்தான் இருப்பார்கள். சறுக்கு திறந்ததும் முதல் ஆளாகப் பிள்ளைகளை நிறுத்துங்கள். எங்கள் பெண் முக்கால் மணியில் ஒன்பது தடவை போனாள். பதினொரு மணிக்கு அதே இடத்தில் வரிசை படிக்கட்டைத் தாண்டி நின்றது. துண்டுகளை அப்போதே எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் பயணத்தில் ஒரு துண்டு குறைந்ததற்கு எங்கள் பில்லில் காசு ஏறியது. அந்தத் துண்டு சின்னவன் படுக்கைக்கு அடியில் கிடந்தது.

ஐந்தாம் படி: வெயில் உச்சியில் பெட்டி கட்டுங்கள்

இதுதான் முக்கியம். எல்லோரும் பெட்டி கட்டுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு, அந்த நாளின் நல்ல நேரத்தைக் கேபினுக்குள் தொலைக்கிறார்கள். நான் சொல்வது பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை. அப்போது மேல்தளத்தில் அக்கினி நட்சத்திரத்து வேலூர் மாதிரிக் கொளுத்தும், எப்படியும் உள்ளேதான் வரப்போகிறீர்கள். ஏசியில் உட்கார்ந்து முடித்துவிடலாம்.

செய்முறை இது. கட்டிலில் ஆளுக்கு ஒரு குவியல் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று செட் தனியாக எடுத்து நாற்காலியில் வையுங்கள்: இன்று இரவு சாப்பாட்டுக்கு, தூங்க, நாளைக் காலை இறங்க. செருப்பையும் சேர்த்து. மீதி எல்லாம் பெரிய பெட்டிக்குள். ஈரமான நீச்சல் உடை தனி பிளாஸ்டிக் கவரில். பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், நகை, விமான டிக்கெட், கப்பல் அட்டை இதெல்லாம் கைப்பையில். பெரிய பெட்டிகளை அன்று இரவே, பெரும்பாலும் பதினொரு மணிக்குள், கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். ஊழியர்கள் எடுத்துப் போனால் காலையில் கரையில்தான் பார்ப்பீர்கள். நடுவில் திறக்கவே முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் தடவை நான் சாமர்த்தியமாக எல்லாவற்றையும் மடித்து, ஜிப் போட்டு, ஒன்பது மணிக்கே வாசலில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலை ஆறு மணிக்கு மாமா குளித்துவிட்டு வந்து, “ஏம்மா, என் பேண்ட் எங்க?” என்றார். பெட்டி போய்விட்டது. பேண்ட், ரத்த அழுத்த மாத்திரை, இரண்டும் அதற்குள். குடியேற்ற வரிசையில் நீலக்கட்டம் போட்ட லுங்கியும் முழுக்கைச் சட்டையுமாக அவர் நிமிர்ந்து நின்ற நிற்பு எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேசப்படுகிறது. லுங்கி பரவாயில்லை. மாத்திரை இரண்டு மணி நேரம் தாமதமானதுதான் எனக்கு உறுத்தல்.

கேபினில் தரும் பெட்டிச் சீட்டில் நிறமோ எண்ணோ இருக்கும். எந்த நேரத்தில், எந்தக் கூட்டத்தோடு இறங்குவது என்பது அதை வைத்துத்தான். பெட்டிகளை நீங்களே இழுத்துக்கொண்டு போக முடியுமானால் சீக்கிரமே இறங்க விடுவார்கள். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் அந்த ஆசை வேண்டாம். இறங்கும் நாளின் விமானத்தை மதியத்துக்கு மேல் போட்டிருப்பதே நல்லது.

ஆறாம் படி: கணக்கு

மூன்று மணி வாக்கில், கூட்டம் குறைவாக இருக்கும்போது, வரவேற்பு மேசைக்கோ அறை டிவிக்கோ போய் உங்கள் கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் பெரும்பாலும் தானாக ஏறியிருக்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. நாம் வாங்காத ஏதாவது இருந்தால் அப்போதே கேட்டால் பேசித் தீர்த்துவிடலாம். மறுநாள் காலை அதே மேசையில் வரிசை வளைந்து வளைந்து நிற்கும். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் திருப்பித் தருவார்கள். அதையும் இதோடு முடியுங்கள்.

வீட்டுக்காரர் இந்த நேரம் முழுக்கத் தூங்கினார். ஒப்பந்தப்படி.

ஏழாம் படி: சாயங்காலம் கப்பல் எண்ணுங்கள்

மலாக்கா நீரிணை உலகத்திலேயே நெரிசலான கடல் வழிகளில் ஒன்று. எண்ணெய்க் கப்பல், கன்டெய்னர் கப்பல் எல்லாம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை லாரி மாதிரி வரிசையாகப் போகும். போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று கடலிலும் பிரித்திருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், கடலில் வலப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். அதனால் எதிரே வருவது நமக்கு இடப்பக்கமாகக் கடக்கும். நம் ஊர்ச் சாலைக்கு நேர் எதிர். மாமா இதைக் கண்டுபிடித்த பிறகு நடையை மறந்து இடது கம்பியிலேயே நின்றுவிட்டார்.

அஸ்தமனம் வலது பக்கம், பின்னோக்கி, ஏழு மணியை ஒட்டி. அந்தப் பக்கம் அந்தி நீளாது, சூரியன் இறங்கியதும் விறுவிறுவென்று இருட்டிவிடும். இருட்டியதும் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எதிரே வந்து நம் இடப்பக்கம் கடக்கிற கப்பல் தன் இடப்பக்கத்தைத்தான் நமக்குக் காட்டும், அதனால் சிவப்பு தெரியும். சின்னவன் பதினான்கு சிவப்பு எண்ணினான். பதினைந்தாவது வராமல் சாப்பிட வரமாட்டேன் என்று அடம். வந்தது.

எட்டாம் படி: இரவு

சாப்பாட்டு மேசையில் நாலு நாளும் நம்மைக் கவனித்தவருக்குப் பேர் சொல்லி நன்றி சொல்லுங்கள். அத்தையின் பருப்புப்பொடியைப் பார்த்து முதல் நாள் விழித்தவர், கடைசி இரவு கேட்காமலே நெய் கொண்டுவந்து வைத்தார். பெட்டியை வாசலில் வைக்கும் முன் நாற்காலியில் மூன்று செட்டும் இருக்கிறதா என்று இன்னொரு தடவை எண்ணுங்கள். நான் மாமாவின் பேண்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தார்.

பின்குறிப்பாக ஒன்று. வேலூர் சத்துவாச்சாரிக்கு, வீட்டுக்கு வந்து சேர்ந்த இரவு, கண்ணை மூடிக் குளிக்கும்போது தரை லேசாக ஆடுவது போல இருந்தால் பயப்பட வேண்டாம். கடலுக்குப் பழகிய உடம்பு கரைக்குத் திரும்பப் பழகுகிறது, பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். அத்தை மூன்றாம் நாள் காலை காபி ஆற்றிக்கொண்டே, “நின்னு போச்சி” என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம்.