மீனும் சால்னாவும் கவர் இல்லாம வாங்குறது எப்படி? நாகர்கோவில்ல நான் செஞ்சு பாத்தது

பிளாஸ்டிக்க குறைக்கணும்னு நெனைக்கிற எல்லாரும் துணிப்பையில தான் ஆரம்பிப்போம். நானும் அப்படித்தான், காய்கறிக்கு ரெண்டு வருஷமா மஞ்சப்பை தான், ஆனா வீட்டுக்கு பின்னால சாக்குல சேருற கவர் மட்டும் குறையவே இல்ல. ஒருநாள் சாக்க முத்தத்துல கொட்டி பிரிச்சு பாத்தேன், முக்காவாசி மீன் கவரும் ஓட்டல் பார்சல் கவரும். ஈரமான சாமானும் சூடான சாமானும் துணிப்பைக்கு அடங்காதுல்லா. அதனால இந்த ரெண்டுக்கு மட்டும் வழி சொல்றேன், மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பை பத்தி ஒண்ணே ஒண்ணு. ஜவுளிக்கடையில துணி மாதிரியே கலர் கலரா ஒரு பை தருவாங்க, உத்து பாத்தா நெசவு இருக்காது, அமுக்கி ஒட்டுன மாதிரி இருக்கும். அதுவும் பிளாஸ்டிக் தான். 2019 ஜனவரி 1ல தமிழ்நாட்டுல தடை வந்துச்சே, அந்த 14 பொருள்ல அதுவும் உண்டு. அத துணின்னு நெனச்சு சேத்து வைக்காதீங்க.

படி 1: பாத்திரம்

புதுசா எதுவும் வாங்காதீங்க. மீனுக்கு பழைய எவர்சில்வர் தூக்குவாளி, ரெண்டு லிட்டர் பிடிக்கிறது போதும். சால்னாவுக்கு அடுக்கு கேரியர். வண்டி டிக்கியில ஒரு தூக்குவாளி எப்பவும் கெடக்கணும், இதுதான் முக்கியம். வீட்ல இருந்து எடுத்துட்டு போலாம்னு விட்டா, ஆபீஸ் முடிஞ்சு வர்ற வழியில நல்ல நெத்திலிய பாத்ததும் கவர்ல தான் வாங்குவோம்.

படி 2: மீன் வாங்குறது

நான் வழக்கமா வாங்குறது வடசேரி சந்தையில. சாளை, நெத்திலி எல்லாம் கூறு வச்சு தான் விப்பாங்க, அதனால எடை பிரச்சினை இல்ல. பிரச்சினை வேற. "கவர் வேண்டாம்மா"ன்னு நான் வாய தொறக்கதுக்கு முன்னால அந்த அம்மா கவர்ல அள்ளி போட்டிருப்பாங்க, பாவம், அவங்களுக்கு கை வேகம். பெறகு அத தூக்குவாளியில கொட்டிட்டு கவர திருப்பி குடுத்தா அது அங்கேயே கீழ தான் விழும். இப்படியே ஒரு மாசம் போச்சு. இப்போ என்ன செய்றேன்னா, விலை கேக்கும்போதே மூடிய தொறந்து தூக்குவாளிய கூறு பக்கத்துல வச்சிருவேன். "நீ சொல்லாமலே இதுல போட்டுட்டேன் பாத்தியா மக்களே"ன்னு இப்போ அவங்களே சொல்றாங்க.

கறிக்கடையில எடை போடணும், அங்க கணக்கு இடிக்கும். எலக்ட்ரானிக் தராசுன்னா வெறும் பாத்திரத்த மொதல்ல வச்சு சைபர் ஆக்க சொல்லுங்க, பெறகு கறி. தட்டுத் தராசுன்னா தட்டுல நிறுத்து அப்படியே பாத்திரத்துல தட்ட சொல்லுங்க.

படி 3: மீன் வாடை

நெறைய பேரு இங்க தான் விட்டுட்டு கவருக்கே திரும்பி போறாங்க. எடுத்த உடனே வெந்நி ஊத்தி கழுவாதீங்க, மீன் சாறு சூட்டுல பாத்திரத்தோட ஒட்டிக்கிடும், வாடை போகவே போகாது. மொதல்ல பச்சத்தண்ணி, பெறகு கறிக்கு கரைச்ச புளிச்சக்கைய வச்சு நல்லா தேச்சு அஞ்சு நிமிஷம் விடுங்க, அப்புறம் சோப்பு. மூடியோட விளிம்ப மறந்துராதீங்க. கழுவிட்டு மூடி போடாம வெயில்ல கவுத்துங்க.

படி 4: சால்னா, சாம்பார், ரசம்

இது தான் என்ன ரொம்ப படுத்துனது. மொதல்ல ரப்பர் வளையம் வச்ச கிளிப் டப்பா வாங்கினேன், சிந்தாதுன்னு. கொதிக்க கொதிக்க சால்னா ஊத்தி நாலு கிளிப்பையும் போட்டு வீட்டுக்கு வந்தா மூடி தொறக்கவே இல்ல. எங்க வீட்டுக்காரர் கத்திய வச்சு நெம்பி மூடி வளைஞ்சு போச்சு, அன்னைக்கு பரோட்டாவ சீனி தொட்டு தின்னோம். காரணம் இதுதான்: உள்ள நெறஞ்ச ஆவி ஆறுனதும் தண்ணியாயிரும், உள்ள அழுத்தம் கொறஞ்சிரும், வெளிக்காத்து மூடிய அமுக்கி பிடிச்சுக்கிடும். பலத்த காட்டி பிரயோஜனம் இல்ல, டப்பாவ வெந்நியில ரெண்டு மூணு நிமிஷம் வச்சா தானா விட்டுரும். மாட்டாம இருக்கணும்னா ஒரு கிளிப்ப மட்டும் போடாம ஆவி போக விட்டு, கெளம்பும்போது போடுங்க.

ஆனா என்ன கேட்டா கிளிப் டப்பாவே வேண்டாம். அடுக்கு கேரியர்ல முக்கால் அளவு ஊத்தி, வாட்டுன வாழ இலை துண்ட வச்சு அது மேல மூடிய அமுக்குனா வெட்டூர்ணிமடத்துல ஓட்டல்ல இருந்து வீடு வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாது. இலைய தணல்ல காட்டி வாட்டணும், பச்சையா வச்சா கிழியும்.

கவர்ல கட்டுனா என்ன இப்போன்னு எங்க மாமியும் கேட்டாங்க. சூடும் எண்ணெயும் சேந்தா பிளாஸ்டிக்ல கலந்திருக்க ரசாயனம் சாப்பாட்டுல இறங்குறது கூடும், சால்னாவுல ரெண்டும் இருக்கே. பிள்ளைங்களுக்கு குடுக்குற சாப்பாடுல்லா.

பின்னால சேத்தது: "டீக்கு பேப்பர் கப் பரவாயில்லையா"ன்னு ரெண்டு மூணு பேரு கேட்டிருந்தீங்க. பேப்பர் கப்புக்கு உள்ளயும் மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு உண்டு, இல்லன்னா நனைஞ்சு ஒழுகிரும். கரக்பூர் ஐஐடி 2020ல சோதிச்சு பாத்ததுல 100 மில்லி சூடான தண்ணி 15 நிமிஷம் இருந்தா சுமார் 25,000 நுண் துகள் இறங்குதுன்னு சொன்னாங்க. கண்ணாடி கிளாஸ்ல கேளுங்க, பார்சலுக்கு பிளாஸ்க் கொண்டு போங்க.

இன்னொன்னு: ஏற்கனவே சேந்து கெடக்குற கவர வெந்நி அடுப்பு பத்த வைக்க எடுக்குறோம்னு தக்கலையில இருந்து ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. நம்ம ஊர்ல பாதி வீட்ல இது உண்டு, எங்க அம்மாவும் செஞ்சவங்க தான். அக்கா, தயவு செஞ்சு இன்னைக்கே நிறுத்துங்க, அந்த பொகைய நேரா மூச்சுல இழுக்குறது அடுப்பு முன்னால குனிஞ்சு இருக்குற நீங்க தான். காய்ஞ்ச சில்லாட்டையும் (தென்ன மட்டை அடியில வலை மாதிரி இருக்கும்ல, அது) ரெண்டு சிரட்டையும் போதும், நல்லா பிடிக்கும். மழைக்காலத்துக்கு இப்பவே கொஞ்சம் சாக்குல கட்டி அடுப்பு மேல பரண்ல போட்டு வையுங்க. கவர கழுவி காய வச்சு, மக்காத குப்பைன்னு தனியா எடுக்க வர்றவங்க கிட்ட குடுத்துருங்க.