வேலை முடிந்தது என்றால் எம்-புக்கைக் காட்டச் சொல்லுங்கள்

வியாசர்பாடியில் ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். மழைநீர் வடிகால் மூடி உடைந்து, ஆள் விழாமலிருக்க யாரோ வேப்பங்கிளையைச் செருகியிருக்கிறார்கள். மாநகராட்சி ஆப்பில் புகார் போடுகிறீர்கள். மூன்றாம் நாள் ‘சரிசெய்யப்பட்டது’ என்று மெசேஜ் வருகிறது. போய்ப் பார்த்தால் கிளை மட்டும்தான் புதுசு.

சரி, அரசு ஆவணங்களின் நகலைக் கேட்டுப் பெற வழிசெய்யும் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு (ஆர்டிஐ) வருவோம்.

படி 1: யார் வேலை?
வடசென்னையில் பாதிக் குழப்பம் இதில்தான். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை எல்லாம் மாநகராட்சி. குடிநீர், கழிவுநீர் மெட்ரோ வாட்டர் எனும் சென்னைக் குடிநீர் வாரியம். பக்கிங்காம் கால்வாய் நீர்வளத்துறை. துறைமுகம் ஒன்றிய அரசு, அதற்கு ஆர்டிஐ தளமே தனி. மாநிலத் துறைகளுக்குள் மாறிப் போனால் கவலை வேண்டாம், 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

படி 2: கேள்வி
முதல்முறை நான் ‘ஏன் சரிசெய்யவில்லை?’ என்று கேட்டு ஏமாந்தேன். கையிலிருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அலுவலகத்தின் கடமை, விளக்கம் சொல்வது அல்ல. அதனால் நகல் கேளுங்கள்:

‘இன்ன தெருவில், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நடந்த வடிகால் பணியின் பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், பில் ஆகியவற்றின் நகல் தேவை. என் புகார் எண் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகலும் தேவை.’

எம்-புக் என்பது அளவுப் புத்தகம். நடந்த வேலையை அளந்து இன்ஜினியர் எழுதுவது. கான்ட்ராக்டர் பில் அதை வைத்துத்தான் பாஸ் ஆகும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பிரிவு 6(2)-ன்படி காரணம் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: அனுப்புவது
கட்டணம் 10 ரூபாய். மாநில அரசின் ஆர்டிஐ தளத்தில் உங்கள் அலுவலகம் இருந்தால் அங்கேயே கட்டிவிட்டு, பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இல்லையென்றால் வெள்ளைத்தாளில் எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 4: நாள் கணக்கு
பதில் தர அவர்களுக்கு 30 நாள். டெய்லி காலண்டரில் அந்த 30-ஆம் நாளை மடித்து வையுங்கள். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதுவும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமின்றி இழுத்தடித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கே அபராதம் விழும்.

அப்புறம் நகல் கைக்கு வந்ததும், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் ஒரு டேப்பையும் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போங்கள். எம்-புக்கில் பத்து மூடி என்றிருந்தால், பத்தையும் எண்ணிப் பாருங்கள்.