நடந்தாச்சு, இனி உட்காரலாமா?

பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாக ஒரு பெண் வந்திருந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஐந்து மாதம். "காலையில ஊருணியைச் சுத்தி நடந்துடுறேன் ஆச்சி, அப்புறம் நாள் முழுக்க ரெஸ்ட்தான்" என்றார். எட்டு வருஷத்துக்கு முன்னால், அதே நோயிலிருந்து மீண்ட நானும் இப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செக்கப்பைத் தவறவிடாதே, மாத்திரையை நிறுத்தாதே என்றெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

நடந்தாச்சு, இனி உட்காரலாம்

நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. வாரம் ஐந்து நாள், தினம் முக்கால் மணி நேரம் நடந்தேன். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் உடலுக்கு வேலை வேண்டும் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, புற்றுநோயைக் கடந்தவர்களையும் சேர்த்து. என் கணக்கு 225. டாக்டர் "வாக்கிங் போறீங்களா?" என்பார், "போறேன்" என்பேன், இரண்டு பேருக்கும் திருப்தி. உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் குறைக்கச் சொல்கிறது அதே வழிகாட்டி. அது என் காதுக்கு வரவே இல்லை.

நடந்துவிட்டு வந்தால் வீட்டின் உள்முற்ற வளவில் தூணில் சாய்ந்து கொட்டான் என்கிற ஓலைக்கூடை பின்ன உட்காருவேன். வலப்பக்கம் சாயம் போட்ட பனையோலை, இடப்பக்கம் ஓலை நனைக்கத் தண்ணீர்ச் சட்டி, மடியில் போன். "நீ எந்திரிக்காதே" என்று மாமியார் காபியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். பாசத்தைக் குறை சொல்ல முடியுமா?

இரண்டாவது வருஷம் எடை எட்டு கிலோ ஏறியிருந்தது. சர்க்கரை எல்லையில் நின்றது. ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. எலும்புக்கு நான் எடுத்த லெட்ரோசோலும் ஒரு காரணம். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை அடக்கும் அந்த மாத்திரை எலும்பையும் இளைக்க வைக்கும். கீமோ மருந்துகளில் சில இதயத்தைப் பலவீனப்படுத்தும். இதற்கு மேல் உட்கார்ந்தே கிடந்தால், சும்மா இருக்கும் கால் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையையும் சரியாக எடுத்துக்கொள்ளாது.

ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் "மீதி நேரம் என்ன செய்றீங்க?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து எண்ணினேன். பதினோரு மணி நேரம்!

தண்ணீர்ச் சட்டியைப் பின்பக்கத்து இரண்டாம் கட்டுக்கு மாற்றினேன். காய்ந்த ஓலை மடக்கினால் முறியும், எழுந்து போய் நனைத்தே ஆகவேண்டும். அரை மணிக்கு ஒரு தடவையாவது அந்த நடை உண்டு. இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டைக் கட்டி வைத்துவிட்டு, அதில் ஒரே தூணடியில் கிடந்திருக்கிறேன். டம்ளரையும் இப்போது நானே கொண்டுபோய்க் கழுவுகிறேன். மாமியாருக்கு இன்னும் சமாதானமில்லை.

தரையிலிருந்து ஊஞ்சலுக்கு மாறுவது

ஊஞ்சல்தான் ஆடுகிறது, நீங்கள் இல்லை.

மூட்டு வலிக்கிறது என்று முடங்குவது

லெட்ரோசோல், அதே வகை அனஸ்ட்ரோசோல் எடுப்பவர்களில் நிறையப் பேருக்குக் காலையில் விரலும் முட்டியும் பிடித்துக்கொள்ளும். எனக்குச் சட்டை பட்டன் போடக்கூட வராது. அசைய அசையத்தான் இளகும்.

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையைப் பொத்திப் பொத்தி வைப்பது

இந்த ஆபரேஷனுக்குப் பின் கை வீங்கிவிடும் என்று ஒரு செம்பு தண்ணீர்கூடத் தூக்காமல் இருந்தேன். 2009-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களில் ஒரு பாதியினர் மேற்பார்வையில் மெதுவாக எடை தூக்கிப் பழகினார்கள். வீக்கம் கூடவில்லை. ஆனால் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு, மிகக் குறைந்த எடையில் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் இட்லி மாவுக் குண்டானைத் தூக்கினால் நான் பொறுப்பல்ல. நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

மதுரை செக்கப்புக்குக் காரில் ஒரே மூச்சில் போவது

தமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை எடுப்பவர்களுக்குக் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். வழியில் திருப்பத்தூரிலோ மேலூரிலோ இறங்கி நடங்கள்.

தெம்பு வந்த பிறகு தொடங்கலாம் என்பது

அது தானாக வராது, ஆச்சி.