மதுரைக்குப் போகிறீர்களா? முதலில் அணை மட்டத்தைப் பாருங்கள்

மதுரைக்கு டிக்கெட் போடும்போது வைகை அணையின் நீர்மட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உள்ளூர் நாளிதழ்களில் அணை நிலவரம் என்று வரும். முழு மட்டம் 71 அடி. நீர்மட்டம் அதிலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது என்றால், குழாயில் தண்ணீர் விடும் முறை தள்ளிப்போகும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மதுரையில் மழை கொட்டுவதை வைத்து எதையும் கணக்குப் போட முடியாது. நகரம் குடிப்பது பெரும்பாலும் மேற்கு மலையில் பெய்யும் மழையை. 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகை அணைக்கு வருகிறது. பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து நகருக்கு அனுப்புகிறார்கள். தேனி மாவட்டத்து மலையடிவாரமான லோயர் கேம்ப்பிலிருந்து நேராகக் குழாய் பதித்துக் கொண்டுவரும் திட்டமும் அதே பெரியாற்று நீரை நம்பியதுதான். தென்மேற்கும் வடகிழக்கும் சேர்ந்து ஏமாற்றினால், சித்திரை வைகாசியில் தெருவில் லாரியும் குடமும்தான். 2017 ஏப்ரலில் நீர் ஆவியாவதைத் தடுக்க வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும் இப்படியொரு வறட்சியில்தான். காற்று அவற்றைக் கரைக்கே தள்ளிவிட்டது. ஊர் இன்னும் சிரிக்கிறது.

சரி, நீங்கள் தங்கப்போகும் சொந்தக்காரர் வீட்டுக்குள் வருவோம். பல வீடுகளில் இரண்டு தண்ணீர் இருக்கும். போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்காகிவிடும். மாநகராட்சி விடுவது நல்ல தண்ணீர், அது முறைவைத்து வரும்; எந்த நாள், எத்தனை மணி என்பது தெருவுக்குத் தெரு மாறும். எந்தக் குழாயில் எது வருகிறது என்று போன உடனே அத்தையிடமோ சித்தியிடமோ கேட்டுவிடுங்கள். குழந்தைகள் பல் துலக்குவதும் குடிக்கும் தண்ணீரிலேயே இருக்கட்டும்.

காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. உப்பைக் குறைக்க ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர அளவு. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்; ஆனால் அது கிருமியைக் காட்டாது. 20 லிட்டர் கேன் வாங்கினால் மூடியின் சீல், தயாரித்த தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் மூன்றையும் பாருங்கள். வெயிலில் அடுக்கிவைத்த கேன் வேண்டாம்.

நாலு பேர் வந்து தங்கினால் அந்த வீட்டின் தண்ணீர்க் கணக்கே மாறிவிடும். அதைச் சொந்தக்காரர்கள் சொல்லமாட்டார்கள். "அதெல்லாம் இருக்குப்பா" என்பார்கள், அப்புறம் ராத்திரி லாரிக்குப் போன் போடுவார்கள். கேனுக்கும் லாரிக்கும் ஆகும் பணத்தை நீங்களே முந்திக்கொண்டு கொடுத்துவிடுங்கள். ஷவரை மறந்துவிட்டு வாளியும் மக்கும் எடுங்கள்.

வெளியே சூடான டீ, காபி பயமில்லை. சர்பத், கரும்புச்சாறு என்றால் ஐஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பந்தலுக்குப் பந்தல் நீர்மோர் கொடுப்பார்கள். பெரியவர்கள் குடியுங்கள், வயிறு பழகாத குழந்தைகளுக்குக் கையில் பாட்டில் இருக்கட்டும். பேதியானால் கரைத்துக் குடிக்க, எதற்கும் பையில் நாலைந்து ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் வையுங்கள், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பேதியோடு காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.