ஷிகோக்கு யாத்திரை: முதல் கோயிலுக்கு முந்தைய நாள் மாலையே போய்விடுங்கள்

ஜப்பானின் ஷிகோக்கு தீவில் 88 புத்தக் கோயில்களை நடந்தே சுற்றப் போகிறவர்கள், முதல் கோயிலான ரியோசென்ஜியின் வழிபாட்டை முந்தைய நாள் மாலை 5 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு கோயிலிலும் முத்திரை பதித்து வாங்கும் ஏடு, வெள்ளை மேலங்கி, ஊன்றுகோல், ஊதுபத்தி எல்லாம் அங்கேயே விற்கிறார்கள். நிதானமாகப் பார்த்து வாங்கலாம். பாண்டோ ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடைதான்.

கோயில்களில் முத்திரை பதித்து எழுதித் தரும் அலுவலகம் 2024 ஏப்ரல் முதல் காலை 8 மணிக்குத்தான் திறக்கிறது, முன்பு 7 மணி. யாத்திரை நாளன்று காலையில் முதல் கோயிலிலேயே காத்திருந்தால், வெயில் ஏறுவதற்கு முந்தைய அருமையான நடை நேரம் வீணாகிறது. முதல் முத்திரை கையில் இருந்தால், சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் உள்ள இரண்டாம் கோயில் கோகுராகுஜிக்கு விடிந்ததும் நடந்து, அமைதியாக வழிபட்டுவிட்டு, 8 மணிக்கு முதல் ஆளாக ஏட்டை நீட்டலாம். வழிபாடு முன்பு, முத்திரை பின்பு என்பதே அங்குள்ள முறை, அதை மாற்றாதீர்கள். ஒரு முத்திரைக்கு 500 யென். சில்லறையாகவே வைத்திருங்கள்.

காரில் சுற்றுபவர்களுக்கும் முத்திரை சேகரிக்காதவர்களுக்கும் இதனால் பெரிய பயனில்லை. 88-ஆம் கோயிலிலிருந்து எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.